குழந்தையும் ஆய்வேடும் ஒரே அறையில்: பெருந்தொற்றுக் காலத் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரி, பல்கலைக்கழகம், ஆய்வு நிறுவனம் என்று எங்காவது வேலை பார்த்துக்கொண்டோ முனைவர் பட்டம் படித்துக்கொண்டோ குழந்தை வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதிலும் எல்லோருக்கும் பொருந்தாது. உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

பெருந்தொற்றுதான் முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு?

நோய்க்கான அவசரநிலை முடிந்தது உண்மைதான். கோவிட் பரவலுக்காக 2020 ஜனவரி 30 அன்று அறிவித்த சர்வதேச அவசரநிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று விலக்கிக்கொண்டது. ஆனால் ஆய்வுத் துறையில் ஒரு வருடத்தின் பாதிப்பு அந்த வருடத்தோடு போய்விடாது. 2020-இல் எடுக்க முடியாத தரவு 2022-இல் வெளிவராத கட்டுரையாகிறது. கட்டுரை இல்லாததால் அடுத்த நிதி விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. நிதி இல்லாததால் பதவி உயர்வு தள்ளிப்போகிறது. நேர்காணல் குழுவின் கையில் இருக்கும் தாளில் இதில் எதுவும் தெரியாது. கட்டுரைகளின் எண்ணிக்கை மட்டும் தெரியும்.

தவிர, பள்ளி மூடப் புதிய வைரஸ்தான் வரவேண்டும் என்றில்லை. வெள்ளம், காட்டுத்தீப் புகை, போர் எது வந்தாலும் குழந்தையும் வீட்டில், வேலையும் வீட்டில் என்று ஆகிவிடும். ஒரு குழந்தைக்கு நீண்ட நாள் நோய் வந்தால் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஊரடங்கு.

எல்லோருக்கும்தானே கஷ்டம்? தாய்மார்களுக்கு மட்டும் அதிகம் என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. எந்தக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்பார்.

2020 ஏப்ரலில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள சுமார் 4,500 ஆய்வாளர்களிடம் கைல் மையர்ஸ் குழு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அது அந்த ஆண்டு ஜூலையில் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வந்தது. மற்றக் காரணிகளைச் சமன்செய்த பிறகும், ஆய்வுக்குக் கிடைத்த நேரம் பெண்களுக்குக் கூடுதலாக 5 சதவீதம் குறைந்திருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ளவர்களுக்குக் கூடுதலாக 17 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய வெட்டு குழந்தை இருப்பதால் விழுந்தது என்பதைக் கவனியுங்கள். சிறு குழந்தையின் தந்தையையும் அது தாக்கியது. தாய்க்கு இரண்டு வெட்டும் சேர்ந்து விழுந்தது.

அடுத்தது, எல்சேவியர் என்ற பதிப்பகத்தின் 2,329 ஆய்விதழ்களின் தரவை வைத்து ஸ்குவாசோனி குழு செய்த ஆய்வு. முதல் அலையின்போது இதழ்களுக்கு வந்து குவிந்த கட்டுரைகள் வழக்கத்தைவிட அதிகம். எல்லோரும் வீட்டில் இருந்தார்கள், எழுதினார்கள். ஆனால் பெண்கள் அனுப்பியவை ஆண்கள் அனுப்பிய அளவுக்கு உயரவில்லை. இந்த இடைவெளி இளம் பெண் ஆய்வாளர்களிடம்தான் அதிகம். சிறு குழந்தை இருக்கக்கூடிய வயதும் அதுதான். கோவிட் குறித்தே எழுதப்பட்ட கட்டுரைகளைப் பார்த்த வேறோர் ஆய்வு, பிஎம்ஜே குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கட்டுரை எழுதியவர்களில் 34 சதவீதம் பெண்கள், பெயர்ப் பட்டியலில் முதலில் வருபவர்களில் 29 சதவீதம், கடைசியில் வருபவர்களில் (பெரும்பாலும் ஆய்வுக் குழுத் தலைவர்) 26 சதவீதம் என்று அது கணக்குச் சொன்னது.

பிரேசிலில் கல்வித்துறைப் பெற்றோருக்காகவே இயங்கும் 'பேரன்ட் இன் சயின்ஸ்' என்ற அமைப்பு எடுத்த கணக்கெடுப்பு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. எழுதுவதில் அதிகம் பின்தங்கியவர்கள் யார் என்றால், குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கறுப்பினப் பெண்கள், அப்புறம் குழந்தை உள்ள வெள்ளையினப் பெண்கள். ஆக, 'தாய்' என்ற ஒரே பெட்டிக்குள் எல்லோரையும் போட்டுவிட முடியாது. பின்னால் தாங்க ஆள் இருக்கிறதா, பணம் இருக்கிறதா, வேலை நிரந்தரமா என்பதைப் பொறுத்துப் பாதிப்பும் மாறும்.

கஷ்டம் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் கல்வித்துறையில் வேலையும் நிதியும் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டுத் தரப்படுகின்றன. சிலருக்கு நேரம் கூடியபோது சிலருக்குக் குறைந்தது என்பதுதான் வலி.

வீட்டிலிருந்தே வேலை என்றால் தாய்மார்களுக்கு வசதிதானே?

குழந்தை பள்ளியிலோ காப்பகத்திலோ இருந்தால் வசதி. பயண நேரம் மிச்சம். ஆனால் 2020-இல் நடந்தது அதுவல்ல. யுனெஸ்கோ கணக்கின்படி அந்த ஏப்ரலில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்களின் பள்ளி, கல்லூரிகள் மூடியிருந்தன. அவர்களில் சிறியவர்களை யாராவது பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டாக வேண்டும்.

ஆய்வு வேலைக்கு ஒரு விசேஷ இடைஞ்சல் உண்டு. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனால் மனம் முழுதாகக் கூட வராது. ஒரு பகுதி பழைய இடத்திலேயே தங்கிவிடும். இதை சோஃபி லெராய் 2009-இலேயே சோதனைகள் மூலம் காட்டினார். குழந்தை கூப்பிட்டால் எழுந்து போய்விட்டு இரண்டு நிமிடத்தில் திரும்பினாலும் இழப்பு இரண்டு நிமிடம் மட்டும் இல்லை. சமன்பாட்டின் எந்த வரியில் நின்றோம் என்பதை மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும்.

இதற்கு ஒரு காட்சியே சாட்சி. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் உலகளாவிய சுகாதாரக் கொள்கையை ஆராய்பவர் கிளேர் வென்ஹாம். நோய்ப்பரவல் பெண்களை எப்படி வேறுவிதமாகப் பாதிக்கும் என்று 2020 மார்ச்சில் லான்செட் இதழில் எழுதியவர்களில் ஒருவர். அதே ஆண்டு ஜூலையில் பிபிசிக்கு வீட்டிலிருந்து நேரலையில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த மகள், தன் யூனிகார்ன் படத்தை அலமாரியின் எந்தத் தட்டில் வைப்பது என்று விடாமல் கேட்டாள். உலகமே ரசித்தது. அவர் எழுதிய கட்டுரையையும் அத்தனை பேர் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டில் இருந்தபடியே நியூட்டன் கால்குலஸ் கண்டுபிடித்தாரே?

1665-இல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டதும் சொந்த ஊருக்குப் போனார், அங்கே நிறைய யோசித்தார், உண்மை. அவருக்கு அப்போது வயது இருபத்துச் சொச்சம். திருமணம் ஆகவில்லை, கடைசிவரை ஆகவும் இல்லை, குழந்தையும் கிடையாது. யாராவது இந்த உதாரணத்தைக் காட்டினால் அவருக்கு யார் சமைத்துப் போட்டார்கள் என்று கேளுங்கள், பேச்சு தானாக மாறும்.

ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது?

வண்ண வண்ணக் கால அட்டவணைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த முதல் நாளே அது கிழிந்துவிடும். நேரத்தைப் பிரிப்பதற்கு முன்னால் வேலையைப் பிரியுங்கள்.

ஆழ்ந்த தனிமை வேண்டிய வேலைகள் உண்டு: வாதத்தைக் கட்டுவது, பகுப்பாய்வு, முதல் வரைவு எழுதுவது. பாதிக் கவனத்தில் முடியும் வேலைகள் உண்டு: மேற்கோள்களைச் சரிபார்ப்பது, வரைபடங்களுக்கு விளக்கம் எழுதுவது, மதிப்பெண் ஏற்றுவது, மின்னஞ்சல். இந்த இரண்டாவது வகையைக் குழந்தை பக்கத்தில் விளையாடும்போது செய்யலாம். பெரும்பாலானோர் செய்வது நேர்மாறாக இருக்கும். கிடைத்த ஒரு மணி நேர அமைதியை மின்னஞ்சலுக்குச் செலவழித்துவிட்டு, கூச்சலுக்கு நடுவே கட்டுரை எழுத உட்காருவார்கள். அப்புறம் எழுத வரவில்லையே என்று தங்களையே நொந்துகொள்வார்கள்.

ஒரு நாளில் ஒரே ஒரு முழுமையான பொழுது கிடைத்தாலும் போதும், ஒன்றரை மணி நேரமாக இருந்தால்கூட. ஆனால் அது உண்மையிலேயே முழுமையாக இருக்க வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும், வேறொரு பெரியவர் பொறுப்பில் இருக்க வேண்டும், 'சும்மா ஒரு நிமிஷம்' என்று யாரும் கூப்பிடக் கூடாது. குழந்தை அழும் சத்தம் கேட்டால் எழுந்து ஓடத் தோன்றும். இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார் என்று ஒப்படைத்துவிட்டால் அவரே பார்க்கட்டும். அவர் வேறு மாதிரிதான் சமாதானம் செய்வார், செய்யட்டும்.

வேறு பெரியவரே இல்லையா? ஒற்றைப் பெற்றோராக இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது குறைவு. கட்டுப்பாடுகள் அனுமதித்த இடங்களில் இரண்டு குடும்பங்கள் கூட்டுச் சேர்ந்து மாற்றி மாற்றிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டது பலருக்குக் கைகொடுத்தது. குழந்தை தூங்கிய பிறகு எழுதுவது என்பது தூக்கத்திடம் வாங்கும் கடன். ஒரு டெட்லைனுக்காக ஒரு வாரம் வாங்கலாம். அதையே திட்டமாக வைத்துக்கொண்டால் பகலில் இருக்கும் மூளையும் போய்விடும்.

ஒரு சின்னத் தந்திரம் உண்மையிலேயே வேலை செய்கிறது. எந்த நேரமும் உங்களை எழுப்பிவிடுவார்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். கோப்பின் மேலேயே 'அடுத்துச் செய்ய வேண்டியது' என்று ஒரு வரி எப்போதும் இருக்கட்டும். 'அட்டவணை 3-இல் வயது வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்' என்பதுபோல் குறிப்பாக எழுதுங்கள். 'முடிவுரை எழுது' என்று வைத்தால் திரும்பி வரும்போது பயன்படாது.

ஆன்லைன் வகுப்பு என் நேரத்தை எல்லாம் தின்றுவிடுகிறது. என்ன செய்ய?

நேரடி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசியதை அப்படியே கேமரா முன்னால் ஒரு மணி நேரம் பேசாதீர்கள். பாடத்தைப் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்து கொடுத்துவிட்டு, நேரலை நேரத்தைச் சந்தேகங்களுக்கும் விவாதத்துக்கும் வைத்துக்கொண்டால், நீங்கள் திரை முன்னால் கட்டாயம் இருக்க வேண்டிய நேரம் பாதியாகும். பதிவில் பின்னால் குழந்தை குரல் கேட்டால் மறுபடி பதிவு செய்ய வேண்டாம். மாணவர்களிலும் சிலர் பெற்றோர், சிலர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டே பாடம் கேட்பவர்கள்.

குழந்தையின் வயதைப் பொறுத்து இது மாறுமா?

நிறைய மாறும். கைக்குழந்தையோடு இருப்பவர் தூங்காமல் தவிப்பார், ஆனால் குழந்தை தூங்கும் பொழுது என்று ஒன்று உண்டு. நடக்கத் தொடங்கியதிலிருந்து ஐந்து வயதுவரைதான் எழுத்து வேலைக்கு மிகக் கடினமான காலம். ஒரு நிமிடம்கூடக் கண்ணை எடுக்க முடியாது. பள்ளிக் குழந்தை உள்ளவர்களுக்கு இன்னொரு வேலை முளைத்தது. குழந்தையின் ஆன்லைன் வகுப்புக்கு உதவியாளர், தொழில்நுட்பப் பணியாளர், வீட்டுப்பாட மேற்பார்வையாளர் எல்லாம் தாயே. இங்கே என் கருத்து கொஞ்சம் கடுமையானது: எல்லாப் பயிற்சித்தாளையும் முடிக்க வேண்டியதில்லை. வாசிப்பு, கணக்கு இரண்டையும் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிடலாம். ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிவிட்டால் அவரும் புரிந்துகொள்வார். அவருக்கும் வீட்டில் குழந்தை இருக்கலாம்.

பதின்பருவத்தினரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு ஆள் துணை வேண்டாம், பேச்சுத் துணை வேண்டும். அது எப்போது வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள்.

திரையைக் காட்டித்தான் வேலை பார்க்கிறேன். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒரு வயதுக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் சொன்னது. நல்ல வழிகாட்டல்தான். ஆனால் பூங்காவும் பள்ளியும் திறந்திருந்த உலகத்துக்காக எழுதப்பட்டது. பள்ளி மூடியிருந்த மாதங்களில் அதைத் தாண்டியவர்கள் பலர். நெருக்கடி தீர்ந்ததும் குறைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தையாவது மின்னஞ்சலுக்குச் செலவழிக்காமல் எழுத்துக்கு வையுங்கள்.

கணவர் நன்றாகத்தான் 'உதவி' செய்கிறார். ஆனாலும் எனக்கு ஏன் நேரமே இல்லை?

உதவி செய்பவர் கேட்டால் செய்வார். என்ன செய்ய வேண்டும், எப்போது, எது தீர்ந்துபோயிற்று, எந்தத் தடுப்பூசி எந்தத் தேதி என்பதெல்லாம் உங்கள் தலையில் ஓடிக்கொண்டேயிருக்கும். கட்டுரைக்கு இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி உலகில் ஊதியமில்லாப் பராமரிப்பு வேலையில் 76.2 சதவீதத்தைச் செய்வது பெண்கள். பெருந்தொற்று இந்தக் கணக்கை உருவாக்கவில்லை, அதன்மேல் வந்து உட்கார்ந்தது.

வேலைகளைப் பங்கிடாதீர்கள், பொறுப்புகளைப் பங்கிடுங்கள். 'இன்றைக்குக் குளிப்பாட்டிவிடுங்கள்' என்பது வேலை. 'மாலை ஐந்து மணியிலிருந்து குழந்தை தூங்கும்வரை முழுக்க உங்களுடையது, என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம்' என்பது பொறுப்பு. அவருக்கும் அலுவலகக் கூட்டம் இருந்தால் இருவர் நாட்காட்டியையும் ஞாயிறு இரவு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாருடைய கூட்டம் நகரக்கூடியது என்ற கேள்விக்கு எப்போதும் உங்களுடையதே பதிலாக வந்தால், அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஆக்ஸ்ஃபோர்டின் கோவிட் தடுப்பூசியை வடிவமைத்த சாரா கில்பர்ட்டுக்கு 1998-இல் ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள். தடுப்பூசிச் செய்தி வந்தபோது 'மூன்று குழந்தைகளின் தாய் சாதித்தார்' என்று பல தலைப்புகள். அவருடைய துணைவர் தன் வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார் என்பது உள்ளே எங்கோ ஒரு வரியில் இருந்தது. தலைப்புக்கு வர வேண்டிய செய்தி அது.

கைடிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் 'இவளுக்கு அக்கறை இல்லை' என்று நினைப்பாரே?

சொல்லாமல் விட்டால்தான் அப்படி நினைப்பார். பதில் வராத மாணவியைப் பற்றி அவர் தானாக ஒரு கதை கட்டிக்கொள்வார், அந்தக் கதை பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

சொல்லும்போது மன்னிப்பில் தொடங்காதீர்கள். நிலைமை, எது நடக்கும், எது நடக்காது, புதிய தேதி, அவ்வளவுதான். இப்படி எழுதலாம்:

'ஐயா, வணக்கம். குழந்தையின் காப்பகம் அடுத்த அறிவிப்புவரை மூடியிருக்கிறது. எனவே இந்த மாதம் எனக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம்தான் ஆய்வுக்குக் கிடைக்கும். அத்தியாயம் 2-இன் திருத்தத்தை 20-ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுகிறேன். அத்தியாயம் 3-ஐ அடுத்த மாத இறுதிக்குத் தள்ளிவைக்க அனுமதி வேண்டுகிறேன். வாரக் கூட்டத்தைக் காலை பத்து மணிக்குப் பதிலாக மதியம் இரண்டு மணிக்கு வைத்துக்கொள்ள முடியுமா?'

இதைப் பேச்சில் சொல்லிவிட்டாலும் மின்னஞ்சலில் ஒருமுறை எழுதி வையுங்கள். பிறகு கால நீட்டிப்புக் கேட்கும்போது அந்தத் தேதியிட்ட மின்னஞ்சல்தான் உங்கள் சான்று. கைடு நல்லவரா இல்லையா என்பது இதில் சேராது. நல்ல கைடு ஓய்வு பெறலாம், வேறு ஊருக்குப் போகலாம். எழுத்து அங்கேயே இருக்கும்.

கால நீட்டிப்புக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாமா?

முனைவர் பட்ட மாணவி என்றால், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டு எடுங்கள்: காலம் நீளும்போது உதவித்தொகையும் நீளுமா? பல இடங்களில் நீளாது. பணமில்லாத ஆறு மாதம் என்பது சிலருக்கு உதவி, சிலருக்குப் பொறி. விடுதி, நூலகக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, விசா ஆகியவை எந்தத் தேதியோடு கட்டப்பட்டிருக்கின்றன என்றும் பாருங்கள்.

பெருந்தொற்றுக்கு முன்பே இருந்த உரிமைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகளே, பெண் ஆய்வு மாணவிகளுக்குப் படிப்புக் காலத்தில் ஒருமுறை 240 நாட்கள்வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பையும், பட்டத்தை முடிக்க இரண்டு ஆண்டுகள் கூடுதல் அவகாசத்தையும் அனுமதித்தன. ஆய்வுக்கு நிதி தரும் ஐரோப்பிய ஆய்வுக் குழு, பெருந்தொற்றுக் காலத்தில் தாய்மார்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் வீதம், நிதிக்கு விண்ணப்பிக்கும் தகுதிக் காலத்தை நீட்டித்துக் கணக்கிட்டது. உங்கள் நாட்டில், உங்கள் நிறுவனத்தில் என்ன விதி என்பதை விதிப் புத்தகத்திலேயே பாருங்கள். 'அப்படியெல்லாம் கிடையாது' என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

பணி நிரந்தரத்துக்கான காலக்கெடுவை நீட்டிப்பது வேறு கதை. அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதாரத் துறைகளை ஆராய்ந்து ஆன்டெகால், பெடார்ட், ஸ்டெர்ன்ஸ் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு பலரைத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தை பிறந்தால் ஆண், பெண் இருவருக்கும் ஒரே மாதிரி ஓராண்டு கூடுதல் அவகாசம் என்ற கொள்கை வந்த இடங்களில், ஆண்கள் நிரந்தரம் பெறும் விகிதம் நன்றாக உயர்ந்தது, பெண்களுக்கோ சரிந்தது. அந்தக் கூடுதல் காலத்தில் ஆண்கள் முன்னணி இதழ்களில் அதிகம் எழுதினார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பல நிறுவனங்கள் கொடுத்ததும் இதே 'எல்லோருக்கும் ஓராண்டு'. ஒரு தனியாள் என்ற முறையில் நீங்கள் அதை மறுத்துப் பயனில்லை, எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே, மதிப்பிடுபவர்கள் அந்த ஆண்டை வேலை நடந்த ஆண்டாக எண்ணக் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். கூடுதல் ஆண்டுக்குக் கூடுதல் கட்டுரை எதிர்பார்த்தால் அது நீட்டிப்பே இல்லை.

சிவியில் 2020 முதல் 2022 வரை வெறுமையாக இருக்கிறது. மறைக்கலாமா, சொல்லலாமா?

சொல்லுங்கள், சுருக்கமாக. பிரேசிலில் ஆய்வாளர்கள் எல்லோரும் பயன்படுத்தும் லாட்டெஸ் என்ற அரசுச் சிவி தளத்தில் 2021 ஏப்ரலிலிருந்து மகப்பேறு விடுப்பைக் குறிக்கத் தனிக் கட்டமே இருக்கிறது. பேரன்ட் இன் சயின்ஸ் விடாமல் கேட்டு வாங்கியது அது. உங்கள் படிவத்தில் அப்படிக் கட்டம் இல்லாவிட்டால் நீங்களே ஒரு வரி சேர்க்கலாம்:

'2020 மார்ச் – 2021 ஆகஸ்ட்: பள்ளி, காப்பகம் மூடல் காரணமாக இரண்டு சிறு குழந்தைகளின் பகல்நேரப் பராமரிப்பு, ஆய்வு நேரம் வழக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இக்காலத்தில் இரண்டு புதிய பாடங்கள் ஆன்லைனில் கற்பிக்கப்பட்டன.'

உணர்ச்சி வேண்டாம், அளவு வேண்டும். எவ்வளவு காலம், எவ்வளவு நேரம் குறைந்தது, எது நின்றது, எது நடந்தது. நின்றுபோன களப்பணி, ரத்தான மாநாட்டு அழைப்பு, மூடிய ஆய்வுக்கூடத்தில் வீணான மாதிரிகள் இவற்றையும் தேதியோடு குறித்து வையுங்கள். சில நாடுகளிலும் நிறுவனங்களிலும் குடும்ப விவரம் சொன்னால் அதுவே எதிராகத் திரும்பும் என்ற பயம் நியாயமானது. அங்கே 'பராமரிப்புப் பொறுப்பு' என்று பொதுவாக எழுதினால் போதும், குழந்தை என்று சொல்ல வேண்டியதில்லை.

கூடுதல் பொறுப்புகளை எப்படி மறுப்பது?

மேலே சொன்ன எல்சேவியர் ஆய்வில் இன்னொரு தகவலும் இருந்தது. பெண்கள் அனுப்பிய கட்டுரைகள் பின்தங்கின. ஆனால் மற்றவர்கள் கட்டுரையை மதிப்பிட்டுத் தரச் சொல்லி வந்த அழைப்புகளை ஏற்பதில், மருத்துவத் துறை தவிர, அவர்கள் அந்த அளவுக்குப் பின்வாங்கவில்லை. சொந்த வேலை நின்றது, ஊர் வேலை நடந்தது.

'இப்போது இயலாது. தகுதியான இன்னொருவரைப் பரிந்துரைக்கிறேன்' என்று எழுதி இரண்டு பெயர் கொடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. காரணம் சொன்னால் 'பரவாயில்லை, இரண்டு வாரம் கழித்துக் கொடுங்கள்' என்று திரும்பி வரும். மாணவர்கள் அழுதுகொண்டு வருவது மட்டும் மறுக்க முடியாதது, மறுக்கவும் கூடாது. பெண் ஆசிரியர்களிடமே அவர்கள் அதிகம் வருகிறார்கள் என்பதைத் துறைக்குத் தெரியப்படுத்துங்கள். அதற்கான நேரம் பணிச்சுமைக் கணக்கில் ஏற வேண்டும்.

ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். எனக்கு எந்த நீட்டிப்பும் கிடையாது.

மேலே உள்ள பதில்களில் பாதி நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்குத்தான், தெரியும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாத நிலையில் 'குழந்தை இருக்கிறது' என்று வாயைத் திறக்கவே பயமாக இருக்கும். இருக்கும் நேரத்தில் எதை முடித்தால் அடுத்த வேலைக்கு உதவும் என்று மட்டும் பாருங்கள். பாதியில் நிற்கும் நான்கு கட்டுரைகளில் முடிவுக்கு மிக அருகில் இருப்பதை எடுங்கள், மிக முக்கியமானதை அல்ல. கூட்டு ஆசிரியர் இருந்தால் தலைமையை அவருக்கு மாற்றிக் கொடுத்து இரண்டாவது பெயராக வெளிவருவதும் ஒரு வழி. ஆசிரியர் சங்கம் ஒப்பந்தக்காரர்களையும் சேர்த்துக்கொள்கிறதா என்று விசாரியுங்கள். கேட்பது நூறு பேராக இருந்தால் தனியாக யார் மேலும் கண் விழாது.

வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. தோல்வியா அது?

இல்லை. பெருந்தொற்றுக்கு முன்பே, அமெரிக்காவில் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் முதல் குழந்தைக்குப் பிறகு பெண்களில் 43 சதவீதமும் ஆண்களில் 23 சதவீதமும் அத்துறையின் முழுநேர வேலையை விட்டு விலகியதாக 2019-இல் வந்த செக், பிளேர்-லாய் ஆய்வு சொல்கிறது. இத்தனை பேர் ஒரே வாசல் வழியாகப் போகும்போது குறை வாசலைப் பற்றியது.

ஆனால் தூக்கம் இல்லாத ஒரு மாதத்தின் நடுவில் இந்த முடிவை எடுக்காதீர்கள். ராஜினாமாவுக்கு முன் சம்பளமில்லா விடுப்பு, பகுதிநேரம், முனைவர் பட்டப் பதிவைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தல் ஆகிய மூன்றையும் கேட்டுப் பாருங்கள். இடைவெளிக்குப் பிறகு திரும்பும் பெண்களுக்கென்றே ஃபெல்லோஷிப்புகள் பல நாடுகளில் உள்ளன. தொடர்ந்து தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் எட்டிப்பார்க்கிறது என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். அதற்குக் கட்டுரை, டெட்லைன் எதுவும் காத்திருக்கலாம்.

நான் துறைத்தலைவர். என்ன செய்தால் உண்மையில் பயன்படும்?

பாராட்டு மின்னஞ்சல் வேண்டாம். யோகா வெபினாரும் வேண்டாம்.

கனடாவின் தேசிய சுகாதார ஆய்வு நிதியமைப்பு 2020 தொடக்கத்தில் கோவிட் ஆய்வுக்கு மிகக் குறுகிய அவகாசத்தில் விண்ணப்பம் கேட்டது. பெண்களின் விண்ணப்பங்கள் வழக்கத்தைவிடக் குறைந்தன. அடுத்த சுற்றில் அவகாசத்தை நீட்டினார்கள், படிவத்தைச் சுருக்கினார்கள். பெண்களின் விண்ணப்பமும் கூடியது, நிதி பெற்றவர்களில் அவர்கள் பங்கும் கூடியது. யாரையும் 'திறன் மேம்பாட்டு' வகுப்புக்கு அனுப்பவில்லை.

இதை உங்கள் அளவில் செய்யலாம். 'நாளைக்குள்' என்று எதையும் கேட்காதீர்கள். கூட்டங்களைப் பள்ளி நேரத்துக்குள் வையுங்கள், பதிவும் குறிப்பும் கிடைக்கட்டும். புதிய பாடத்தைத் தயாரித்தவர்களுக்கு அடுத்த பருவத்தில் அதே பாடத்தைக் கொடுங்கள், மறுபடி புதிது வேண்டாம். கற்பித்தல் குறைப்பு ஒரே ஒரு பருவத்துக்குத்தான் தர முடியும் என்றால், இழந்த ஆய்வை மீட்கத் திரும்பி வரும் பருவத்தில் கொடுங்கள். விடுப்பு முடிந்து வருபவருக்கு மூன்று பாடம் சேர்த்துக் கொடுப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். மதிப்பீட்டுக் குழுவுக்கு எழுத்தில் சொல்லுங்கள்: இந்த ஆண்டுகளைக் கழித்துவிட்டுப் பாருங்கள் என்று.

மாநாட்டுக்குக் குழந்தையை அழைத்துப் போகலாமா?

போகலாம், அமைப்பாளர்களிடம் முன்பே கேட்டுவிட்டு. பாலூட்ட அறை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு, கூட வருபவருக்கு நுழைவு அனுமதி, பயண நிதியில் பராமரிப்புச் செலவைச் சேர்க்கலாமா ஆகிய நான்கையும் கேளுங்கள். பெருந்தொற்றின் புண்ணியத்தில் வந்த ஆன்லைன் வழியாகப் பேசும் வசதியைச் சில மாநாடுகள் இப்போது சத்தமில்லாமல் நீக்கிவருகின்றன. அது இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். பதிவுப் படிவத்தில் இதற்கெல்லாம் இடமே இல்லையென்றால் ஒரு வரி மின்னஞ்சல் போதும். நான்கைந்து பேர் கேட்டுவிட்டால் அடுத்த வருடப் படிவத்தில் அந்தக் கட்டம் வந்துவிடும்.